சில்லும் பல்லும்

வாகனம், சில்லு, இயந்திரம் என்ற சொற்களைக் கண்டதும், இஃது ஆண்கள் பேச்சு என்று பக்கத்தைப் புரட்டிவிட எண்ணும் சகோதரிகள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். இவ்வாரம் நாம் எழுதப் புகுந்த சங்கதியின் முடிச்சை அவிழ்த்தவர் ஒரு பெண்மணி. அவ்வாகனத்தின் பொருட்டு அடகுக் கடைக்குப் போன காப்பும் அவருடையதே.

2024ஆம் ஆண்டு கார்த்திகை மாதம். மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு ஞாயிறு காலை, நம் வீட்டுப் படலையடியில் ஒரு பிக்கப் வந்து நின்றது. நின்றது என்பதினும், நம் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தது என்றே கூறவேண்டும், அத்துணை உயரம். ஒரு பக்கத்தால் இளைஞர் ஒருவர் குதித்தார். மறுபக்கத்தால் அவர் மனைவியார் ஒரு கையாற் சேலையையும் மறுகையாற் கதவையும் பற்றிக்கொண்டு, காலுக்கு நிலம் எங்கே என்று தேடி இறங்கினார். அவர் கக்கத்தில் ஒரு பழைய கணக்குக் கொப்பி இருந்தது.

இளைஞர் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் கணிதம் பயின்றவர். கணக்கிற் சூரர் அல்லர். ஆனால் உழைப்பிற் சோர்ந்தவரும் அல்லர். வலிகாமத்துச் சின்ன வெங்காயத்தை ஏற்றிச் சென்று, பாதியைத் தம்புள்ளையில் இறக்கிவிட்டு, மீதியை நுவரெலியாக் கடைகளுக்குக் கொண்டுபோவார். அங்கிருந்து கரட், லீக்ஸ், கோவா முதலியவற்றை ஏற்றிவந்து திருநெல்வேலிச் சந்தையிற் கொடுப்பார். மாரி காலத்தில் வன்னியின் உட்கிராமங்களுக்கு விதைநெல்லும் உரமும் ஏற்றுவதுண்டு. வாகனம் பழைய யப்பானியத் தயாரிப்பு. 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 வரை திறக்கப்படாதிருந்தமையால், உள்ளதைத் திருத்தி ஓட்டுவதன்றி அவர் போன்றோர்க்கு வேறு வழி இருக்கவில்லை.

வன்னிப் பாதைகளின் சேற்றில் வாகனம் இருமுறை புதைந்து, உழவு இயந்திரம் பிடித்து இழுக்க நேர்ந்ததாம். "பெரிய ரயர் பூட்டு, எல்லாம் சரிவரும்" என்றனர் நண்பர்கள். மனைவியாரிடமிருந்த இரண்டு சோடிக் காப்பில் ஒரு சோடி அடகுக்குப் போயிற்று. 15 அங்குல றிம்மும் ரயரும் கழன்று, 16 அங்குல றிம்மில் பருத்த ரயர்கள் ஏறின. கண்டவர் எல்லாரும் அழகு என்றனர். நாமும் அழகில்லை என்று சொல்லமாட்டோம்.

ஏ-9 வீதியில் யாதொரு குறையும் தோன்றவில்லை. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு, தட்டையான நிலத்தில் ஓடும் வரை வாகனம் சுகமாக ஓடிற்று. கண்டியைக் கடந்து, கம்பளை, புசல்லாவை வழியே இறம்பொடை ஏற்றத்தைத் தொட்டபோதுதான் வினை தொடங்கிற்று. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ளது. முன்பு மூன்றாம் கியரில் ஏறிய வளைவுகளில் இரண்டாவது கேட்டது. இரண்டாவதில் ஏறியவற்றில் முதலாவது கேட்டது. ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கும்போதெல்லாம் கிளச் நாறிற்று. இரண்டாம் பயணத்தில் கிளச் பிளேற் எரிந்தே போயிற்று. புதிய பிளேற் போட்டும் நாற்றம் போகவில்லை.

"சேர், எஞ்சினிலை ஒரு பிழையும் இல்லையாம். பின் டிபரன்சியலை மாத்தினாச் சரிவருமெண்டு சொல்லுகினம். ஒருத்தரிட்டை ஒண்டு இருக்கு. வாங்கலாமோ எண்டு கேக்கத்தான் வந்தனாங்கள்" என்றார் அவர். மற்றச் சோடிக் காப்பும் கழலவேண்டும் என்பதை அவர் கூறவில்லை. மனைவியாரின் கை தானாகவே மற்றக் கையின் காப்பைத் தொட்டதைக் கண்டு நாம் விளங்கிக்கொண்டோம்.

அப்பொழுது அவர் கொப்பியைத் திறந்தார். "அதுக்கு முன்னம் இதை ஒருக்காப் பாருங்கோ, சேர். இஞ்சையிருந்து தம்புள்ளைக்கு எப்பவும் 250 கிலோமீற்றர். ரயர் மாத்தின நாள் தொட்டு 215 எண்டுதான் மீற்றர் காட்டுது. றோட்டுச் சுருங்கிப் போச்சே?"

கொப்பியில் ஒவ்வொரு பயணத்தின் தூரமும், அடித்த டீசலும் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன. 2022இல் கியூ.ஆர். அட்டையைக் காட்டி அளவாக எரிபொருள் வாங்கிய காலத்தில் தொடங்கிய பழக்கமாம். முன்பு 25 லீற்றர் குடித்த பயணம் இப்போது 27 லீற்றர் குடித்தது. ஆனால் லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடிய வாகனம் 8 கூட ஓடவில்லை என்று மீற்றர் கூறிற்று. எஞ்சின் பழுது என்ற ஐயம் எழுந்ததும் இதனாலேயே. உண்மையில் தூரம் 250 தான். எனவே லீற்றருக்கு 9 கிலோமீற்றருக்குச் சற்று மேல். குறைந்தது உண்மை, கணக்கிற் கண்ட அளவு குறையவில்லை.

அந்தக் காணாமற்போன 35 கிலோமீற்றரிலேதான் எல்லா விடையும் கிடந்தது.

ரயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எண்களை வாசிக்கத் தெரிந்தாற் போதும். பழைய ரயரில் 225/75ஆர்15 என்றிருந்தது. 225 என்பது அகலம், மில்லிமீற்றரில். 75 என்பது அவ்வகலத்தின் நூற்றில் எத்தனை பங்கு ரயரின் பக்கச் சுவரின் உயரம் என்பது. 15 என்பது றிம்மின் விட்டம், அங்குலத்தில். ஆங்கிலேயர் அங்குலமும் ஐரோப்பியர் மில்லிமீற்றரும் ஒரே ரயரிற் குடித்தனம் நடத்தும் விந்தையை வேறெங்கும் காண்பதரிது. கூட்டிப் பார்த்தால் முழு விட்டம் 718.5 மில்லிமீற்றர். புதிய ரயர் 285/75ஆர்16; அதன் விட்டம் 833.9 மில்லிமீற்றர். ஒன்றை மற்றதால் வகுக்க 1.16 வரும். பாரமேற்றினால் ரயர் சிறிது நசுங்குமே என்று கேட்பீர்கள். இரண்டும் நசுங்குமாதலால் விகிதம் பெரிதும் மாறாது.

பெரிய சில்லு ஒரு சுற்றில் 16 வீதம் கூடுதல் தூரம் உருளும். இத்தகைய பழைய வாகனங்களில் மீற்றர் கணக்கெடுப்பது கியர்ப் பெட்டியிலிருந்து புறப்படும் சுழற்சியை, தரையை அன்று. ஆகவே 250ஐ 1.16ஆல் வகுத்து 215 என்று அது காட்டும். வேகத்திலும் இதே பிழை நேரும். முள் 70இல் நிற்கும்போது வாகனம் 81இற் பறந்துகொண்டிருக்கும்.

இது மீற்றரோடு போயிருந்தாற் கவலையில்லை. அகப்பைக் காம்பு நீள நீள, நுனியிலுள்ள பாரம் கைக்குக் கூடுவதை அடுப்படியிற் கண்டிருப்பீர்கள். சில்லும் அவ்வாறே. அச்சு திருகும் பலம் ஒன்றாயிருக்க, அச்சினின்று நிலம் எட்டப் போகப்போக, நிலத்தை உதைக்கும் பலம் குறையும். விட்டம் 16 வீதம் கூடியதால் உதைக்கும் பலம் ஏறத்தாழ 14 வீதம் குறைந்தது. எஞ்சினின் வலுவில் ஏழில் ஒரு பங்கை யாரோ இரவிற் களவெடுத்துக்கொண்டு போனமாதிரி. ஏற்றத்தில் கிளச் எரியாமல் வேறென்ன செய்யும்?

பெற்ற நன்மை யாது? அச்சுத் தரையிலிருந்து எழும்பியது, கூடிய விட்டத்திற் பாதி, 58 மில்லிமீற்றர். மூன்று விரற்கடை.

இக்குறையைத் தீர்க்கவே ஆக்சிலின் பல்லை மாற்றுவது. அதை விளக்க நமக்குச் சித்தப்பாவின் சைக்கிள் நினைவிற்கு வந்தது. 1990களில், எரிபொருட் தடையின் காலத்தில், யாழ்ப்பாணத்தின் பாரமெல்லாம் சைக்கிளில் ஏறியதை நம் வயதினர் மறக்கமாட்டார்கள். சித்தப்பா தென்மராட்சியிலிருந்து பட்டணத்திற்கு விறகு ஏற்றினார். முன் பற்சில்லு 44 பல்; பின் பிறீவீல் 18 பல். மிதி ஒன்றுக்குப் பின்சில்லு ஏறக்குறைய இரண்டரைச் சுற்று. வெறுங் சைக்கிளுக்கு அது நன்று. விறகுக் கட்டோடு எதிர்க்காற்றில் ஆகாது. 18ஐக் கழற்றி 22 பல் பிறீவீல் ஒன்றைத் தேடிப் பூட்டினார். இப்போது மிதிக்குச் சரியாக இரண்டு சுற்று. வேகம் குறைந்தது, கால் பிழைத்தது. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் அவர். விகிதம் என்ற சொல்லை அவர் வாயால் நாம் கேட்டதில்லை.

சைக்கிளிற் பெரிய பற்சில்லு சிறியதை ஓட்டும். வாகனத்தின் ஆக்சிலிற் சிறியது பெரியதை ஓட்டும். கியர்ப் பெட்டியிலிருந்து வரும் நீண்ட தண்டின் நுனியிற் சிறிய பினியன். அது பெரிய கிறவுண் வீலைச் சுழற்ற, சில்லுகள் சுழலும். பினியன் நாலு முறைக்கு மேற் சுற்றினாற்றான் சில்லு ஒரு முறை சுற்றும். வேகத்தைக் கொடுத்து வலுவை வாங்கும் பண்டமாற்று இது.

நம் மாணாக்கரின் வாகனத்தில் என்ன விகிதம் என்று கேட்டோம். அவருக்குத் தெரியாது. விற்க வந்தவருக்கும் தெரியாது. ஆகவே பின்புறத்தை ஜக்கினால் தூக்கி, முன்சில்லுகளுக்குக் கல் வைத்து, கியரை நடுநிலையில் விட்டு, தண்டில் வெண்கட்டியாற் கோடு கீறினோம். பின்சில்லுகள் இரண்டையும் ஒருங்கே பத்து முறை சுழற்ற, தண்டு எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணுவதே சோதனை. ஒரு சில்லை மட்டும் சுழற்றினால், மற்றது அசையாதிருக்க, கணக்குப் பாதியாகும்; பலர் ஏமாறுவது இவ்விடத்திலேதான். அயல் வீட்டுப் பிள்ளைகளும் மதிலில் ஏறியிருந்து உரக்க எண்ணினர். நாற்பத்தொன்று.

41க்கு 10. அதாவது 4.10. யப்பானியப் பிக்கப்புகளில் வழக்கமாகக் காணும் விகிதம். 40க்கு 10 என்று ஏன் வைக்கவில்லை, கணக்கு இலகுவாயிருக்குமே என்றார் மாணாக்கர். இந்தக் கேள்வியை அவர் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வகுப்பிற் கேட்டிருந்தால் நாம் அன்றே மகிழ்ந்திருப்போம். 40க்கு 10 ஆயின், பினியனின் ஒவ்வொரு பல்லும் கிறவுண் வீலின் அதே நாலு பற்களையே என்றென்றும் சந்திக்கும். ஒரு பல்லிற் சிறு பழுதிருந்தால் அந்த நாலும் கெடும். 41க்கும் 10க்கும் ஒன்றையன்றிப் பொதுக் காரணி இல்லை. எனவே ஒவ்வொரு பல்லும் முறையே மற்ற எல்லாவற்றையும் சந்தித்துத் தேய்மானத்தைப் பகிர்ந்துகொள்ளும். இவ்வகையிற் கிடைக்கும் மற்றத் தொகுதிகளும் அப்படியே: 41க்கு 9, அதாவது 4.56, 39க்கு 8, அதாவது 4.88, 37க்கு 7, அதாவது 5.29. பொதுக் காரணி படித்து என்ன பயன் என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவைக்கலாம்.

இனித் தெரிவு. பழைய விகிதமாகிய 4.10ஐ 1.16ஆற் பெருக்கினால் 4.76. அந்த எண்ணிற் பற்தொகுதி எதுவும் நம் பட்டியலில் இல்லை. கீழே 4.56, மேலே 4.88. முன்பு நாலாம் கியரில், மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில், எஞ்சின் நிமிடத்திற்கு ஏறக்குறைய 2,420 முறை சுழன்றது. பெரிய ரயரோடும் பழைய பல்லோடும் அது 2,090 ஆயிற்று. 4.56 பூட்டினால் 2,320, 4.88 பூட்டினால் 2,480. வெறும் வாகனத்தோடு தட்டை நிலத்தில் ஓடுபவர் 4.56ஓடு அமையலாம், டீசல் சற்று மிஞ்சும், இரைச்சல் குறையும். பாரமேற்றி மலையேறுபவருக்கு 4.88தான் பொருந்தும். 5.29 என்றால் 2,690. அது சேற்றிலும் பாறையிலும் ஊர்ந்து விளையாடுவோர்க்கு உகந்தது. ஏழே பற்கள் கொண்ட அதன் பினியன் சிறிதாதலால் வலிமையும் குறைவு.

வாகனம் செய்தவர்கள் இவ்வெண்களைச் சும்மா எழுதிவிடவில்லை. இரண்டாம் உலகப் போரிற் சேற்றிலும் மணலிலும் ஓடிய வில்லிஸ் ஜீப்பின் ஆக்சில் 4.88. தோட்டங்களில் நாம் கண்டு பழகிய பழைய லாண்ட் றோவர் பல ஆண்டுகளாக 4.7ஐக் கொண்டிருந்தது. அதே கம்பனி 1970இல் நெடுஞ்சாலையிலும் விரைந்து ஓடவென றேஞ்ச் றோவரைக் கொண்டுவந்தபோது 3.54ஐத் தெரிந்தது, அதற்குப் பெரிய எட்டுச் சிலிண்டர் எஞ்சினையும் கொடுத்தது. நம் மாணாக்கர் பெரிய ரயரைப் பூட்டியதால் அவருடைய 4.10இன் பயன் எவ்வளவாகக் குறைந்ததென்று கணக்கிட்டோம். 4.10ஐ 1.16ஆல் வகுக்க, 3.53! றேஞ்ச் றோவரின் பல். ஆனால் றேஞ்ச் றோவரின் எஞ்சின் இல்லை. இதைக் கேட்டு அவர் சிரித்தார். மனைவியார் சிரிக்கவில்லை.

விற்க வந்த ஆக்சிலின் விகிதத்தை அறியத் தொலைபேசியிற் பேசச் சொன்னோம். "ஹையா வேணும், லோவா வேணும்?" என்று அப்பக்கத்திற் கேட்டார்கள். இங்கேதான் பெருங்குழப்பம். கியரில் "லோ" என்றால் எண் பெரிது. வலு கூட, வேகம் குறைவு. எண்ணை நினைத்துப் பேசுபவரோ 4.88ஐ "ஹை" என்பார். இருவரும் ஒத்துக்கொண்டு, இருவேறு பொருளைக் கருதி, பணமும் கைமாறிவிடும். ஆகவே ஹை, லோ என்ற சொற்களை விட்டு, பல்லின் எண்ணிக்கையைக் கேட்கச் சொன்னோம். எண்ணிப் பார்த்துவிட்டு அரை மணி கழித்துச் சொன்னார்கள்: 43க்கு 11. அதாவது 3.91. வாங்கிப் பூட்டியிருந்தால் இருந்த வலுவும் போயிருக்கும். அவர்கள் ஏமாற்ற நினைத்ததாக நாம் கருதவில்லை. எண்ணிப் பாராமல் விற்பதும் எண்ணிப் பாராமல் வாங்குவதும் நம்மிடையே வழக்கமாயிற்று.

அடுத்த கேள்வியையும் கொப்பிக்காரியே கேட்டார். "சேர், இது நாலு சில்லும் இழுக்கிற வாகனமெல்லே. முன்னுக்கும் பல்லு இருக்குமே. பின்னுக்கு மட்டும் மாத்தினா முன்னும் பின்னும் சண்டை பிடியாதோ?"

அந்த இளைஞரின் முகத்தை நாம் அப்போது பார்க்காமல் விட்டது நன்று. முன்னச்சும் பின்னச்சும் வெவ்வேறு விகிதமாயிருக்க, நாலு சில்லு இழுவையைப் பூட்டினால், ஒரு தண்டு ஒரு வேகமும் மற்றது வேறொரு வேகமும் கேட்கும். நடுவிலுள்ள பெட்டி இரண்டையும் ஒன்றாகக் கட்டி வைத்திருக்கும். சேற்றில் ரயர் வழுக்கிச் சமாளிக்கும். காய்ந்த தாரில் ஏதேனும் ஒன்று முறியும். முன்னும் பின்னும் ஒரே பல்லாயிருத்தல் வேண்டும். செலவு இரட்டிக்கும். பல்லைத் தனியே வாங்கி ஏற்றுவதானால் கைதேர்ந்தவர் வேண்டும். இரு பற்களுக்குமிடையே விடும் இடைவெளி ஒரு மில்லிமீற்றரின் ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. பல்லில் மை பூசி, சுழற்றி, மை எங்கே படிகிறது என்று பார்த்து, மெல்லிய தகடுகளைக் கூட்டியும் குறைத்தும் வைக்க வேண்டும். பிழைத்தால் ஊளையிடும், பின்பு உடையும்.

இவ்வளவும் செய்து 4.88 பூட்டினாலும் ஒரு குறை தீராது என்பதை நாம் மறைக்கவில்லை. அது பிறேக். இறக்கத்தில் எஞ்சின் கொடுக்கும் பிடி, பல்லை மாற்றினால் மீளும். காலால் மிதிக்கும் பிறேக் மீளாது. அது சில்லோடேயே இருப்பது, பல்லைப் பற்றி அதற்குத் தெரியாது. பெரிய சில்லை அதே பிறேக் பிடிக்க, தரையிற் கிடைக்கும் நிறுத்தும் பலம் 14 வீதம் குறைவு. ரயரின் கூடுதற் பாரம் வேறு. வெங்காயத்தோடு ஏறும் வாகனம் கரட்டோடு இறங்க வேண்டும். இறம்பொடை வளைவுகளை அறிந்தவர்க்கு இதற்குமேற் சொல்லவேண்டியதில்லை.

நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை. தேநீர் வந்தது.

நாம் பழைய ரயரையே மீண்டும் பூட்டச் சொல்லியிருப்போம். ஆனால் வன்னிச் சேறு பொய்யன்று. விதைநெல் ஏற்றுவதும் சோறு போடும் தொழில். பழைய 15 அங்குல றிம்முகளையும் அவர் அன்றே விற்றுவிட்டாராம். ஆகவே கேள்வியைத் தலைகீழாக வைத்தோம். ரயரைப் பிடித்துவிட்டுப் பல்லைத் தேடுவதிலும், கிடைக்கும் பல்லைக் கண்டபின் அதற்கேற்ற ரயரைத் தேடினால் என்ன? புதிய பற்தொகுதியைப் பிறநாட்டிலிருந்து எடுப்பிக்க வசதியுள்ளவர் விரும்பிய எண்ணைக் கேட்கலாம். நம்மவர்க்குப் பழைய வாகனத்திலிருந்து கழற்றிய, முன்னும் பின்னும் ஒரே சோடியாய் இருக்கும் ஆக்சில்களே கதி. இரண்டு வாரம் விசாரித்து, கொழும்பு பஞ்சிகாவத்தையில் 41க்கு 9 சோடி ஒன்று உண்டென்று அறிந்து வந்தார். இம்முறை வெண்கட்டியைத் தாமே கொண்டுபோய், இரு ஆக்சிலையும் எண்ணிப் பார்த்தாராம்.

4.56க்கு எந்த ரயர்? அதே 16 அங்குல றிம்மில் 265/75 என்றால் விட்டம் 803.9, தேவையான விகிதம் 4.59. ஏறக்குறைய அப்படியே பொருந்துகிறது. நாம் அதையே எழுதிக் கொடுத்தோம். கணக்கு ஆசிரியனுக்குக் கணக்குப் பொருந்தினால் அதில் ஒரு மயக்கம்.

மாணாக்கர் மறுத்தார். "இல்லை, சேர். 265/70 போடுவம். அது எந்தக் கடையிலையும் கிடைக்கும். பாரமும் குறைவு. கணக்குச் சரிக்குச் சரி நிண்டா, மூடை ரெண்டு கூட ஏத்தின நாளிலை எனக்கு மிச்சமா ஒண்டும் இராதே."

265/70இன் விட்டம் 777.4. அதற்குத் தேவை 4.44, கையிலிருப்பது 4.56. ஏறக்குறைய 3 வீதம் வலு கூடுதலாக நிற்கும். நிறுத்தும் பலத்தில் இழப்பு 14இலிருந்து 8 வீதத்திற்கும் சற்றுக் குறைவாக இறங்கும். உயரத்தில் மிஞ்சும் நன்மை 29 மில்லிமீற்றர், ஒன்றரை விரற்கடை. அவர் கூறியது நியாயமே. நாம் எழுதியதை அடித்துவிட்டு அவர் கூறியதை எழுதினோம்.

பருத்த ரயர்கள் நான்கையும் நட்டத்திற்கு விற்றார். அப்பணத்தில் ரயர் வாங்கி, மனைவியார் கட்டிவந்த சீட்டை எடுத்து ஆக்சில் வாங்கினர். இரண்டாம் சோடிக் காப்பு கையிலேயே இருக்கிறது. முதற் சோடி இவ்வரிகளை எழுதும்வரை அடகுக் கடையிலிருந்து மீளவில்லை. பிறேக்கில் எஞ்சிய குறைக்காக, இறக்கத்தில் முன்பு மூன்றாம் கியரில் இறங்கிய இடங்களில் இப்போது இரண்டாவதில் இறங்குவதாக அவர் உறுதி கூறினார்.

தைப் பொங்கல் கழிந்து ஒரு மாலை தொலைபேசி மணி அடித்தது. கொப்பிக்காரி.

"சேர், கிளச் மணக்கேல்லையாம். நல்லா ஏறுதாம். ஆனா தம்புள்ளைக்கு இப்ப 257 காட்டுது. ஏழு கிலோமீற்றர் கூடிப்போச்சு."

"கூட்டிக் காட்டினால் வேகத்தையும் கூட்டித்தான் காட்டும், பிள்ளை. அவர் மெல்லப் போவார்" என்றோம்.

அவருக்கு அது போதவில்லை. கொப்பியில் இப்போது இரண்டு நிரல்கள் கீறியிருக்கிறாராம்: காட்டியது, ஓடியது.